குறி தவறிய பந்துக்கு ஒரு கும்பிடு!

திடலிலே பல்லாயிரவர் கூடியிருக்கிறார்கள். வீரர்கள் ஆயத்தம், நடுவர் ஆயத்தம். ஆனால் ஆட்டம் துவங்கவில்லை. ஏன்? பெரிய மனிதர் ஒருவர் வந்து முதற்பந்தை எறிய வேண்டுமாம்! அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்துக்கு வாய்த்த சடங்கு இது. அரசியல் தலைவர் எறிவார்; திரைப்பட நடிகர் எறிவார்; விளம்பரத்துக்குப் பணம் தந்த முதலாளியும் எறிவார். எறியத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயமில்லை! அந்தப் பந்து ஆட்டக் கணக்கில் சேர்வதுமில்லை.

1910 ஏப்ரல் 14 அன்று, வாஷிங்டன் நகரத் திடலில், குடியரசுத் தலைவர் டாஃப்ட் பார்வையாளர் பகுதியில் இருந்தபடியே ஒரு பந்தை வீசினார். வால்டர் ஜான்சன் அதைப் பிடித்தார். அதே ஜான்சன் அன்று எதிரணிக்கு ஒரே ஒரு வெற்றி அடியை மட்டும் விட்டுக்கொடுத்து ஆட்டத்தை வென்று தந்தார். வரலாற்றிலே நிலைத்தது எது? உழைத்தவன் எறிந்த பந்துகளா? இல்லை, உட்காரச் சென்றவர் எறிந்த ஒரு பந்து!

ஜப்பானிலே இதைவிட விந்தை. 1908-இல் வசேதா பல்கலைக்கழக அணி அமெரிக்க அணியோடு மோதியது. முதற்பந்தை எறிந்தவர் அப்பல்கலைக்கழகத்தை நிறுவியவர், பிரதமராக இருந்தவர், ஒகுமா. பந்து எங்கோ போயிற்று. மட்டை வீரர் என்ன செய்தார்? பெரியவருக்கு இழுக்கு வரலாகாதென்று, எட்டாத பந்துக்கு வேண்டுமென்றே மட்டையை வீசித் தவறவிட்டார். வீசித் தவறினால் எறிந்தவருக்கே வெற்றி என்பது ஆட்ட விதி. அன்று ஒருவர் காட்டிய பணிவு, இன்றும் அந்நாட்டில் வழக்கமாக இருக்கிறது.

பணிவா அது? பண்பா? மாணவன் பிழையாகப் போட்ட கணக்கை, அவன் தகப்பனார் பெரும்புள்ளி என்பதற்காகச் சரியென்று நான் குறியிட்டால், அதற்கும் பண்பு என்றுதான் பெயரா?

"விளையாட்டுக்குத்தானே, விட்டுவிடுங்கள்" என்பர் சிலர். 2001 செப்டம்பர் படுகொலைக்குப் பின், அக்டோபர் 30 அன்று, நியூயார்க்கில் புஷ் குண்டு துளைக்காத கவசத்தோடு எறிமேடை ஏறி எறிந்தார்; துயருற்ற மக்கள் ஆரவாரித்தனர். மறுக்கவில்லை. அவர் பந்தைக் குறி தவறாமலும் எறிந்தார். ஆகவே எவரும் பொய் சொல்ல நேரவில்லை!

ஆனால் அந்த வாஷிங்டன் திடலைப் பாருங்கள், தோழர்களே! டாஃப்ட் முதல் ஐசன்ஹோவர் வரை குடியரசுத் தலைவர்கள் எண்மர் அந்நகரிலே முதற்பந்து எறிந்தனர். 'நாட்டின் ஆட்டம்' என்று பெருமை பேசினர். அந்த நாட்டுத் தலைநகரின் அணியிலே முதல் கறுப்பு வீரர் களமிறங்க 1954 செப்டம்பர் வரை ஆயிற்று! தலைவர்களின் பந்து அந்தச் சுவரிலே ஒரு கீறலேனும் விழச் செய்ததா?

கீறியவர் வேறொருவர். 1947-இல் நிறத் தடையை உடைத்து உள்ளே வந்த ஜாக்கி ராபின்சன். வெள்ளி விழா என்று 1972 அக்டோபர் 15-ஆம் நாள் சின்சினாட்டிக்கு அவரை அழைத்து, முதற்பந்தைக் கையிலே தந்தனர். நீரிழிவு கண்ணொளியைப் பறித்திருந்தது. நன்றி கூறினார், அத்தோடு நின்றாரில்லை. அணியை நடத்தும் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தைக் காணும் நாளிலேதான் தமக்கு உண்மையான மகிழ்ச்சி என்று, அழைத்தவர்கள் முன்னிலையிலேயே சொன்னார்.

ஒன்பதாம் நாள் மறைந்தார். 1975-இல்தான் பெருங்குழுப் போட்டியிலே ஃபிராங்க் ராபின்சன் என்னும் கறுப்பர், கிளீவ்லாந்து அணியின் மேலாளராகத் திடலுக்கு வந்தார்.