ஆய்வின் பயனை அளப்பது எப்படி?

மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆய்வுகளால் சமுதாயத்துக்கு விளைந்த நன்மை என்ன என்ற கேள்வி தலைநகரில் அவ்வப்போது எழுப்பப்படுகிறது. கேள்வி நியாயமானது, அளவுகோலில்தான் கோளாறு. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைப் பட்டியலும் ஆராய்ச்சி என்றால் கட்டுரைகள், மேற்கோள்கள், காப்புரிமைகள், திட்ட நிதி என்றே பெரும்பாலும் எண்ணுகிறது. பிரிட்டனில் 2014-ம் ஆண்டு மதிப்பீட்டில் சமுதாயப் பயனுக்கு 20 சதவீத மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. 2021-ல் அது 25 சதவீதமாக உயர்ந்தது. நாமும் அவ்வழியில் செல்ல வேண்டும் என்போர் பெருகி வருகின்றனர்.

அதற்கு முன் அந்தமான் நிகோபார் தீவுகளைச் சற்றுப் பார்ப்பது நல்லது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், அத்தீவுகளின் பழங்குடியினர் அளவுக்கு ஆராயப்பட்டவர்கள் நாட்டில் வெகு சிலரே.

முதலில், பயன் கண்கூடாகத் தெரிந்த ஓர் ஆய்வு. 1980-களின் இறுதியில் தொடங்கி வடக்கு அந்தமானில் ஒருவகைக் காய்ச்சல் பலரது உயிரைக் குடித்தது. காரணம் தெரியாமல் அதை "அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்" என்று அழைத்து வந்தனர். அது எலிக்காய்ச்சல்தான் என்பதை போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 1990-களில் நிறுவினர். பெயர் தெரியாத நோய், மருந்துள்ள நோயாயிற்று. இத்தகைய ஆய்வுக்கு எந்த அளவுகோலிலும் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இரண்டாவதை எங்கே வைப்பது? உச்ச நீதிமன்றத்தால் அமர்த்தப்பட்ட சேகர் சிங், தில்லி இந்தியப் பொது நிர்வாக நிறுவனத்தில் பணியாற்றியவர். ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையை மூட வேண்டும் என அவர் பரிந்துரைத்தார். வெளியுலகத் தொடர்பின் ஆபத்து அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1997-ல் ஜாரவாக்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினர். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. பரிந்துரையை ஏற்று, 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னரும் சாலை மூடப்படவில்லை. வாகனங்கள் அணிவகுத்துச் செல்வது தொடர்ந்தது. "பயன் விளையவில்லை" என்று மதிப்பீட்டாளர் எழுதினால், அந்தத் தோல்வி ஆய்வாளருடையதா, ஆணையை நிறைவேற்றாத நிர்வாகத்தினுடையதா?

மூன்றாவது, கிரேட் நிகோபார். சென்னை முதலைப் பண்ணையோடு இணைந்து பணியாற்றிய சதீஷ் பாஸ்கர், தீவுகளின் கடற்கரைகளை நடந்தே அளந்து கடலாமைகளைக் கணக்கெடுத்தவர். உலகின் மிகப் பெரிய ஆமை இனமான தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவின் முக்கியத்துவம் இத்தகைய உழைப்பால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1997-ல் அது சரணாலயமாயிற்று. 2021 ஜனவரியில் அந்த அறிவிக்கையை ரத்து செய்ய வழிசெய்யப்பட்டது. சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரியம் அடங்கிய பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் அளிக்கப்பட்டது. 1998-ல் மதிப்பிட்டிருந்தால் இந்த ஆய்வு மகத்தான வெற்றி. 2022-ல் மதிப்பிட்டால் படுதோல்வி. ஆமைகளைப் பற்றிய உண்மையில் எந்த மாற்றமும் இல்லை.

நான்காவதை எந்தப் பட்டியலாலும் அளக்க முடியாது. 1991-ல் மானுடவியல் ஆய்வுத் துறையினர் உள்ளிட்ட குழு கொண்டுசென்ற தேங்காய்களை வடக்கு சென்டினல் தீவினர் கைநீட்டி வாங்கிக்கொண்டனர். ஆய்வுலகம் அதைச் சாதனையாகக் கொண்டாடியது. ஆனால், 1990-களின் பிற்பகுதியில் அப்பயணங்கள் நிறுத்தப்பட்டன. நெருங்காமல் தொலைவிலிருந்து கவனிப்பதே கொள்கையாயிற்று. தொடர்புக்கு ஆளான கிரேட் அந்தமானியர் 2011 கணக்கெடுப்பில் வெறும் 44 பேர். எனவே, விலகி நிற்பதே இங்கு அறிவு தந்த பெரும் பயன். கண்ணுக்குத் தெரியும் விளைவுக்கு மட்டும் மதிப்பெண் அளித்தால், விலகி நின்றவருக்குப் பூஜ்யமும் படகேறிச் சென்றவருக்கு நூறும் கிடைக்கும்.

இந்த நான்கிலிருந்தும் பெறப்படும் முடிவு ஒன்றே. ஆய்வை அரசு ஏற்றதா என்பதை அளவுகோலாக்கினால், அரசுக்கு உவப்பான முடிவுகளையே ஆய்வாளர்கள் தேடத் தொடங்குவர். சாலையை மூடச் சொன்னவருக்கு மதிப்பெண் இல்லை, அகலப்படுத்தச் சொன்னவருக்கு உண்டு என்ற நிலை ஆராய்ச்சியை அழித்துவிடும். ஆய்வுக்கு உள்ளான மக்கள் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியை அன்விதா அப்பி, கிரேட் அந்தமானிய மொழியைப் பதிவு செய்து 2012-ல் அகராதியாக்கினார். "போ" மொழியின் கடைசிப் பேச்சாளரான மூதாட்டி போவா 2010 ஜனவரியில் மறைந்தார். அந்தப் பதிவு இல்லையெனில் அவருடைய சமூகத்தினருக்கு எஞ்சியிருக்கக்கூடியது மிகச் சொற்பம். அந்த அகராதியின் மதிப்பை மேற்கோள்களின் எண்ணிக்கை சொல்லாது.

எனவே, மத்திய அரசு மூன்று விதிகளை வகுக்கலாம். ஒன்று, தீவுகளில் நடைபெறும் ஒவ்வோர் ஆய்வின் சுருக்கமும் அங்கு வழங்கும் நிகோபாரி, வங்காளம், இந்தி, தமிழ் ஆகிய மொழிகளில் மக்களுக்குத் தரப்பட வேண்டும். இரண்டு, அரசு நிதியில் நடந்த ஆய்வின் முடிவை ஏற்காத துறை, அதற்கான காரணத்தை ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் வெளியிட வேண்டும். மூன்று, பயனை ஓராண்டில் அல்ல, பத்தாண்டுகளுக்குப் பிறகு மதிப்பிட வேண்டும். நன்மைக்கு ஒரு பத்தி இருந்தால், தீமைக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும்.

ஆய்வாளரிடம் கணக்குக் கேட்கும் அரசு, அந்த ஆய்வைத் தான் என்ன செய்தது என்ற கணக்கையும் காட்டியாக வேண்டும். காட்ட முன்வராத வரை, ஆய்வின் பயனை மதிப்பிடும் தகுதி அதற்கு இல்லை.