நெல்லின் அடியில் ஒரு குறுஞ்சிலந்தி

நெற்றூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சிறு வலை பின்னி வாழும் குறுஞ்சிலந்தி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளமே உடையது. பெரிய சிலந்தியின் குஞ்சென்றே பலர் அதனைக் கருதுவர். குனிந்து பார்க்கும் கமக்காரரும் சிலரே. ஒரே தூரில் 30, 40 சிலந்திகள்கூட இருத்தல் கூடும். கபில நிறத் தத்தியின் குஞ்சுகள் சாறு உறிஞ்சுவதும் அவ்விடத்திலேயாம். சிலந்தியொன்று நாளொன்றுக்கு நான்கைந்தை உண்ணும்.

தத்தி சிலவற்றைக் கண்டவுடனே பூச்சிநாசினி தெளிப்பது பகையை வளர்ப்பதாகும். இலைமடலுக்குள் இடப்பட்ட முட்டைகள் தப்பிவிட, சிலந்தியே மடிகின்றது. பின்னர் பொரிக்கும் தத்திகளைத் தடுப்பார் இல்லை. இதனை அனுபவத்தால் அறிந்த இந்தோனேசியா, 1986இல் 57 நாசினிகளை நெல்லுக்கு இடலாகாதெனத் தடுத்தது. காலைப் பனி உலருமுன் தூரை விலக்கினால் வலைகள் தெரியும். வலைகள் மலிந்து தத்தி அருகியிருப்பின், தெளிகருவி கொட்டிலிலேயே இருக்கலாம்.