மலை தாங்கும் அளவுக்கே வாகனங்கள்

கோடை வந்தால் ஊட்டியும் கொடைக்கானலும் மூச்சுத் திணறுகின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இவ்விரு ஊர்களுக்கும் வாகனத்தில் செல்ல இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. மிகத் தாமதமாக வந்தது என்பதே என் குறை. நீலகிரியின் சோலைக்காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சிவைத்து ஓடைகளில் மெல்ல விடுகின்றன. பவானியும் மோயாறும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. பெருகும் கூட்டத்துக்காகச் சரிவை வெட்டி எழும் ஒவ்வொரு விடுதியும் அந்த நீரில் கை வைக்கிறது. விளைவு ஈரோட்டு வயல்வரை போகும். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் மந்துகளோ அவர்களுடைய வீடும் வழிபாட்டிடமும். அங்கே அனுமதியின்றி கேமராவோடு நுழைவது பண்பாட்டை ரசிப்பதாகாது, அவமதிப்பதாகும்.

வாகன வரம்பால் பிழைப்பு கெடும் என்று நீலகிரி வணிகர்கள் 2025 ஏப்ரலில் கடையடைத்தார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஓட்டுநரும் விடுதி ஊழியரும் சிறுகடைக்காரரும் கோடை வருமானத்தை நம்பித்தான் ஆண்டை ஓட்டுகிறார்கள். ஆனால் இந்த வரம்பு அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் இல்லை. பாதி நாளை நெரிசலில் கழிப்பவர் கடைக்கு வரப்போவதுமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு கோடைப் பேருந்துகளைப் பெருக்கட்டும். மலைக்குப் போகும் நீங்களும் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள்.