பனையேறி செய்த குற்றம்

நான் குடிப்பவன் அல்லன். ஆனாலும் களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் ஒரு கள்ளுக்கடைக்கு நண்பரோடு போயிருக்கிறேன். பெஞ்சில் உட்காரவைத்து, மரச்சீனிக் கிழங்கும் எரிக்கிற மீன்கறியும் இலையில் வைத்தார் கடைக்காரர். "கொஞ்சம் சாறு விடட்டா அண்ணா?" என்று கேட்டார். குடிக்க வந்தவனும் அங்கே மனிதன்தான்!

எல்லைக்கு இப்பாலோ 1987 முதல் கள் குற்றம். ஆனால் 2003 முதல் பாட்டில் மதுவைக் கடைவைத்து விற்பது சாட்சாத் அரசாங்கமே! பனையேறி இறக்கினால் வழக்கு. ஆலையில் காய்ச்சினால் வருமானம். தயவுசெய்து இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்காதீர்கள். குடி தீமையென்றால் இரண்டையும் மூடுங்கள், கைதட்டுகிறேன். முடியாதென்றால், பனை உச்சியில் உயிரைப் பணயம் வைப்பவனிடம் மட்டும் உங்கள் வீரத்தைக் காட்டாதீர்கள்.