பிரதி இருக்கிறது, எத்தனை நாளைக்கு?

"கணினியில் உள்ள கணக்குகளுக்கு பெக்அப் எடுக்கின்றீர்களா?" என்று எமது வர்த்தகர்களிடம் கேட்டால், "ஓம், தினமும் இரவில் தானாகவே எடுபடுகின்றது" என்று பெருமையாகச் சொல்வார்கள். "எத்தனை நாள் பின்னோக்கிப் போகலாம்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். முதலாளி முகாமையாளரைப் பார்ப்பார். முகாமையாளர் கணினிக்குப் பொறுப்பான இளைஞரைத் தேடுவார்.

இக்கேள்வியின் பாரதூரத்தை 2023ஆம் ஆண்டு நாடே கண்டது. அவ்வருடம் ஓகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் கணினி முறைமை கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. முறைமை விரைவில் மீண்டும் இயங்கிய போதிலும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இல்லாமற் போயின. அக்காலப்பகுதிக்கு, வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலையென்றால் புறக்கோட்டை மொத்த வியாபாரியின் நிலை என்ன?

வைரஸ் மட்டும்தான் ஆபத்து என்றில்லை. கடன் பேரேட்டில் யாரோ ஒருவர் ஒரு வாடிக்கையாளரின் பதிவுகளைத் தவறுதலாக அழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்றே அது தெரியவராது. மாத இறுதியில் மிகுதி பார்க்கும்போதுதான் தெரியும். உங்கள் முறைமை ஏழு நாள் பிரதிகளை மட்டும் வைத்திருந்தால், அப்போது கையிலுள்ள ஏழும் பிழையான கணக்கின் பிரதிகளே! எனவே, தவறைக் கண்டுபிடிக்க எமக்கு எத்தனை நாள் எடுக்குமோ, அதைவிடக் கூடிய காலம் பிரதியை வைத்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதியாகும்.

இங்கே இன்னுமொரு நுணுக்கம் இருக்கின்றது. பிரதியை வைத்திருக்கும் காலம் வேறு, எந்தப் பிரதி எங்கே இருக்கின்றது என்ற பதிவேட்டை வைத்திருக்கும் காலம் வேறு. உதாரணமாக, பெரிய நிறுவனங்கள் பாவிக்கும் ஒரக்கிள் தரவுத்தளத்தை நிறுவியபடியே விட்டால், ஒரேயொரு முழுப் பிரதியை மட்டுமே அது அவசியமானதாகக் கருதும். பதிவேட்டுக் குறிப்புகளையோ ஏழு நாட்கள் வரை மட்டுமே உறுதியாகக் காக்கும். பிரதிக் காலத்தை 30 நாளாகக் கூட்டிவிட்டு மற்றதை மறந்தால், பிரதி டிஸ்க்கில் இருந்தும் முறைமைக்கு அதைத் தெரியாமற் போகலாம். பெட்டகத்தில் பொருள் இருக்க, சிட்டை தொலைந்த கதைதான். தெரிந்தவர் ஒருவர் பிரதியை மீண்டும் பதிவுசெய்து மீட்கலாம்; ஆனால், கடை ஸ்தம்பித்து நிற்கும் வேளையில் அவரைத் தேடுவது இலகுவானதல்ல. ஆகவே பதிவேட்டுக் காலம் பிரதிக் காலத்தைவிட நீளமாக இருப்பது அவசியம்.

டிஸ்க் நிரம்பிவிடும், செலவு கூடும் என்பார்கள். நியாயமான கவலைதான். அதற்காக ஒவ்வொரு நாளின் பிரதியையும் வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியதில்லை. அன்றாடப் பிரதிகளை இரண்டு மாதங்களுக்கும், மாத இறுதிப் பிரதிகளை வரிக் கணக்குகள் முடியும் வரையும் வைத்திருந்தால் பெரும்பாலான கடைகளுக்குப் போதுமானது. அவற்றுள் ஒன்றையாவது கணினியிலிருந்து கழற்றி வேறோர் இடத்தில் வைப்பது கட்டாயம்.

எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கணினி இளைஞர் அல்லர். எவ்வளவு கணக்கு இழந்தால் வியாபாரம் தாங்கும் என்பது முதலாளிக்குத்தான் தெரியும். இளைஞரிடம் விட்டால் அவர் டிஸ்க்கின் அளவைப் பார்த்தே தீர்மானிப்பார். அது அவருடைய பிழையுமல்ல.

இந்த வாரமே அவரை அழைத்து, ஒரு மாதத்துக்கு முந்திய கணக்கை வேறொரு கணினியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நிம்மதி. காட்ட முடியாவிட்டால், உங்களிடம் பெக்அப் இருக்கின்றது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.