பட்டணம் எங்கே முடிகிறது?

பெங்களூரின் எல்லை எது என்று கேட்டால் அதிகாரிகள் வரைபடத்தைக் காட்டுவார்கள். குப்பத்தை அடுத்துள்ள குடுபல்லி ரயில் நிலையம் வேறு பதில் சொல்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர் இது. இந்த வட்டாரத்திலிருந்து தினமும் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புவோர் பலர். அவர்கள் உழைப்பது பட்டணத்தில், அடுப்பெரிவது கிராமத்தில். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அறிஞர்கள் போட்ட வட்டம்

நடுவில் கடைவீதி, அதைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு, அதற்கும் அப்பால் வசதி படைத்தோர் என நகரம் வட்டம் வட்டமாக வளர்கிறது என்று 1925-இல் அமெரிக்க அறிஞர் எர்னஸ்ட் பர்ஜஸ் எழுதினார். அவர் கண்டது சிகாகோவை. அந்தப் படமே மற்ற ஊர்களுக்கும் நெடுங்காலம் அளவுகோலாயிற்று. பணக்கார நாடுகளின் சில நகரங்களை வைத்து எல்லா நகரங்களையும் அளக்கலாகாது என்று 2006-இல் ஜெனிஃபர் ராபின்சன் வாதாடினார். நகரம் தன் எல்லையைத் தாண்டிச் சமுதாயம் முழுவதையும் உள்ளிழுக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி லெஃபெவர் 1970-லேயே கூறினார். குடுபல்லிக்குப் பொருந்துவது இதுதான்.

சர்க்கார் வைத்த அளவுகோல்

2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஊர் பட்டணமாக வேண்டுமானால் 5,000 பேராவது வசிக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருக்க வேண்டும். முழுநேரத் தொழில் செய்யும் ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயமல்லாத வேலையில் இருக்க வேண்டும். பெண்களின் உழைப்பு இந்த அளவுகோலில் சேராது. இவ்வாறு பட்டணமாக எண்ணப்பட்டும் நகராட்சி அந்தஸ்து பெறாத ஊர்கள் 2001-இல் 1,362, 2011-இல் 3,894. கணக்கில் பட்டணம், நிர்வாகத்தில் கிராமம்!

இதில் அரசியலும் உண்டு. தமிழக அரசு 2004-இல் நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றிற்று. கிராமங்களுக்குரிய மத்திய நிதியைப் பெறுவது நோக்கம். 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. தெருக்கள் மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறிற்று. 2005-இல் இயற்றப்பட்ட நூறு நாள் வேலைச் சட்டமும் கிராமங்களுக்கு மட்டுமே என்று வரம்பு கட்டிற்று. ஆக, 'கிராமம்', 'பட்டணம்' என்பவை வெறும் சொற்களல்ல. கூலியும் வரியும் அவற்றைப் பொறுத்தவை.

யாருக்கு நஷ்டம்?

இரவில் தூங்கும் இடத்தை வைத்துத் தலையெண்ணினால், பகலில் பெங்களூரைக் கட்டி எழுப்புகிறவன் பெங்களூர்க் கணக்கில் வரமாட்டான். கணக்கில் வராதவனுக்காகக் கூடுதல் ரயில் பெட்டியோ, கழிப்பிடமோ, தங்குமிடமோ யார் கேட்பார்கள்? நஷ்டம் தொழிலாளிக்கே.

2011 கணக்கெடுப்பில், விவசாயமல்லாத வேலை செய்வோரிடம் வேலைத்தலம் எவ்வளவு தூரம், எதில் செல்கிறார்கள் என்று கேட்கப்பட்டது. அது நல்ல தொடக்கம். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நடக்குமென அரசு அறிவித்துள்ளது. கணக்கெடுப்பு ஊழியர் வீட்டுக்கு வரும்போது, செய்யும் தொழிலைத் தொழிலாளர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். பயண விவரம் கேட்கப்பட்டால் அதையும் விடாமல் பதியச் செய்ய வேண்டும். பட்டணத்தின் எல்லையை அறிஞர்களும் அதிகாரிகளும் மட்டுமே வரைய வேண்டும் என்பதில்லை.