குவாண்டம் ஜல்லிக்கு ஒரு கணக்கு

இந்தப் பதிவு கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும். முதல் திட்டு எனக்கே என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2008ல் இதே வலைப்பூவில் 'நீங்கள் பார்ப்பதால் மாறும் உலகம்' என்று ஒரு பதிவு போட்டேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எலக்ட்ரானை யாரும் பார்க்காதபோது அது அலை, பார்த்தால் துகள், ஆகவே பார்ப்பவர் இல்லாமல் பிரபஞ்சமே இல்லை... இந்த ரேஞ்சுக்கு ஒரே புல்லரிப்பு. பூனை, பெட்டி, விஷக்குப்பி எல்லாம் உண்டு. அறுபது பின்னூட்டம். 'கலக்கல் தல', 'சித்தர்கள் அன்றே சொன்னது' என்று ஏகப்பட்ட பாராட்டு. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் என் சித்தப்பா அந்தப் பதிவை பிரிண்ட் எடுத்து என் முன்னாலேயே நீட்டினார்.

அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, கையில் ஓர் உலோகக் குழாயைப் பிடிக்கச் சொல்லி, லேப்டாப்பில் முப்பது பக்க ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கல்லீரல், கணையம், எலும்பு, எல்லாத்துக்கும் மார்க் போட்டு. கூடவே கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு 'குவாண்டம்' டாலர், ஆறாயிரம் ரூபாய். சித்தப்பா டாலரை மாட்டிக்கொண்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். கால் சுண்டுவிரலில் வந்த புண் ஆறாமல், சர்க்கரை 380ஐத் தொட்டபோதுதான் சித்தி எனக்குப் போன் பண்ணினார். விரலை எடுக்க வேண்டி வந்தது.

"என்ன சித்தப்பா, இவ்வளவு படிச்ச நீங்களே..." என்று ஆரம்பித்தேன்.

"நீதானேடா எழுதியிருக்கே? மனசு பார்த்தா அணு மாறும்னு. அணு மாறும்னா கணையம் மாறாதா?"

ஙே என்று முழித்தேன். என்ன பதில் சொல்ல?

டாலர் விற்றவரைத் திட்டுவது சுலபம். அதைச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், செல்போன் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றும் என்று விற்கப்பட்ட டாலர், கைவளை வகையறாக்களில் 10 பொருட்களைச் சோதித்து, அவையே கதிரியக்கம் கொண்டவை, யாரும் போடாதீர்கள் என்று எச்சரித்தது. நம்ம பிரச்சினை அதுவல்ல. அந்த ஆசாமிக்கு மூலப்பொருள் சப்ளை செய்தது யார்? நான். என்னைப் போல அறிவியல் எழுதுகிறேன் பேர்வழி என்று ஜல்லியடித்த அத்தனை பேரும்.

நாம் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். குவாண்டத்திலிருந்து கணக்கைக் கழற்றி வீசிவிட்டு, வியப்பை மட்டும் பரிமாறினோம். கேட்டால் 'சூத்திரம் போட்டால் வாசகர் ஓடிடுவார்' என்போம். 1988ல் புத்தகம் போட்ட ஹாக்கிங்கிடமே ஒரு சமன்பாட்டுக்குப் பாதி விற்பனை போகும் என்று யாரோ பயமுறுத்தினார்களாம். அதை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். கணக்கு இல்லாத வியப்பை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம், கணையத்தில்கூட.

முதலில் இந்த 'பார்ப்பவர்' கதை. வியன்னாவில் ஸைலிங்கர் குழு 1999ல் அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த உருண்டை மூலக்கூறுகளை நுண்ணிய கம்பித்தட்டி வழியே அனுப்பி, அலை போல வரிவரியாக விழுவதைக் காட்டினார்கள். அதற்கப்புறம் செய்ததுதான் நமக்கு முக்கியம். 2003ல் எழுபது அணு மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டு, வெற்றிடக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டார்கள். வாயு ஏற ஏற வரிகள் மங்கின. எவ்வளவு வாயுவுக்கு எவ்வளவு மங்கும் என்று கணக்கு சொன்னதோ அதே அளவு. அடுத்த வருஷம் மூலக்கூறுகளைச் சூடாக்கிப் பார்த்தார்கள். அவை உமிழும் வெப்பக் கதிரே வரிகளை அழித்தது. யாரும் உட்கார்ந்து உற்றுப் பார்க்கவில்லை. தியானம் செய்யவில்லை. மூலக்கூறு எந்த வழியாகப் போனது என்ற தகவல் வெளியே கசிந்தாலே போதும், வரி காலி. கசிவைக் 'கவனித்தது' ஒரு வாயு அணு. இதில் மனசு எங்கே வந்தது?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் யாராவது பிடித்துக்கொள்வீர்கள். யூஜின் விக்னர் 1961ல் உணர்வுதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்ற பொருளில் எழுதியது உண்மை. சாதாரண ஆளில்லை, நோபல் வாங்கியவர். ஆனால் அதே விக்னர் பிற்காலத்தில் அந்த நிலையைக் கைவிட்டார். முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் யாரும் இரண்டாம் பாதிக்கு வருவதில்லை. ஷ்ரோடிங்கர் வேதாந்தம் படித்தார், அதனால் எல்லாம் நம்மூர் சரக்கு என்பதும் இதே ரகம். படித்தார், ரசித்தார், சரி. 1926ல் அவர் சமன்பாட்டுக்கு வந்தது டி பிராயின் அலைக் கருத்திலிருந்தும் ஹாமில்டனின் இயக்கவியலிலிருந்தும். அந்தப் பக்கங்களைப் புரட்டினால் தெரிவது வகையீட்டுச் சமன்பாடு, உபநிஷத் இல்லை.

அப்போ குவாண்டத்தில் அதிசயமே இல்லையா என்றால், இருக்கிறது சாமி. டாலர் விற்பவர் சொல்வதைவிடப் பெரிய அதிசயம். அதைப் புரிந்துகொள்ள எட்டாங்கிளாஸ் கணக்கு போதும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

குமார், செல்வி என்று இரண்டு பேர். ஒரே அறையில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் சேர்ந்து திட்டம் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஒருவர் சென்னை, ஒருவர் நெல்லை. போன் கிடையாது. குமாரிடம் அ, ஆ என்ற இரண்டு கேள்விகளில் ஒன்று கேட்போம். செல்வியிடம் இ, ஈ என்ற இரண்டில் ஒன்று. எந்தக் கேள்வி என்பது கடைசி நொடியில் காசு சுண்டி முடிவாகும். பதில் +1 அல்லது −1, வேறு எதுவும் கூடாது. இப்படிப் பல்லாயிரம் சுற்று நடத்தி, பதில்களைப் பெருக்கி, நான்கு ஜோடிக் கேள்விகளுக்கும் தனித்தனியே சராசரி எடுத்து இப்படிச் சேர்க்க வேண்டும்:

அ×இ + அ×ஈ + ஆ×இ − ஆ×ஈ

நான்கு கேள்விக்கும் பதில் முன்பே எழுதிவைத்தாயிற்று என்று வைத்துக்கொண்டு பொதுவானதை வெளியே எடுங்கள்:

அ×(இ+ஈ) + ஆ×(இ−ஈ)

இ, ஈ இரண்டும் ஒரே பதில் என்றால் இரண்டாவது அடைப்புக்குறி பூஜ்யம், மிச்சம் +2 அல்லது −2. வேறு வேறு பதில் என்றால் முதல் அடைப்புக்குறி பூஜ்யம், மறுபடியும் +2 அல்லது −2. வேறு வழியே இல்லை. எத்தனை லட்சம் சுற்று ஓட்டினாலும், சுற்றுக்குச் சுற்று திட்டத்தை மாற்றினாலும், சராசரி 2ஐத் தாண்டாது.

இந்த மாதிரி ஒரு வரம்பை முதலில் கண்டுபிடித்தவர் ஜான் பெல், 1964ல். பெல்ஃபாஸ்ட்காரர். செர்ன் ஆய்வகத்தில் அவர் பார்த்த வேலையில் பெரும்பகுதி துகள் முடுக்கிகளும் துகள் இயற்பியலும். இது அவருக்கு ஓய்வு நேரத்து அரிப்பு. மேலே போட்ட வடிவம் 1969ல் கிளாஸர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் தந்தது.

இப்போது குமாருக்கும் செல்விக்கும் பதிலாகப் பின்னிப் பிணைந்த இரண்டு ஒளித்துகள்கள். கேள்வி என்பது வடிகட்டியை எந்தக் கோணத்தில் திருப்பி வைப்பது என்பது. கோணங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் முதல் மூன்று ஜோடிக்கும் குவாண்டம் கணக்கு தரும் சராசரி 0.707, நான்காவதற்கு −0.707. அதற்கு முன்னால் ஏற்கெனவே கழித்தல் குறி இருப்பதால் அதுவும் கூட்டலாகிவிடும். நான்கு 0.707, மொத்தம் 2.83. இரண்டைத் தாண்டியாச்சு!

பேப்பரில் மட்டும் இல்லை. 1972ல் கிளாஸரும் ஃப்ரீட்மனும், 1982ல் ஆஸ்பே குழுவும் சோதித்தார்கள். ஓட்டைகள் இருக்கின்றன என்று சந்தேகப்பட்டவர்களுக்காக 2015ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஒரு சோதனை. ஆமாம், டாலரைப் பிடித்த அதே நாடு. சுமார் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரத்துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எலக்ட்ரான். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 4.27 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் கேள்வியும் கேட்டு பதிலும் வாங்கிவிட்டார்கள். 245 சுற்றில் கிடைத்த எண் 2.42, பிழை வரம்பு 0.20. கிளாஸர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவருக்கும் 2022ல் நோபல். பெல் 1990லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம்.

ஆக, 'பதில் முன்பே எழுதியிருந்தது', 'சென்னையில் கேட்பது நெல்லையைத் தொடாது' இந்த இரண்டில் ஒன்றையாவது கைவிட்டாக வேண்டும். எதை என்பதில் இன்றுவரை அடிதடி. ராத்திரித் தூக்கம் போக இது போதாதா?

"அப்போ தூரத்திலிருந்தே மனசால சிகிச்சை அனுப்பலாம்ல" என்று கிளம்புகிறவர்களுக்கும் இதே கணக்கில் பதில் உண்டு. குமாரின் பதில்களை மட்டும் பாருங்கள். செல்வியிடம் இ கேட்டாலும் ஈ கேட்டாலும் குமாரிடம் பாதி +1, பாதி −1, வெறும் காசு சுண்டல்தான். இருவரும் சந்தித்து நோட்டுகளைப் பக்கத்தில் வைத்தால்தான் 2.42 தெரியும். இதை வைத்து ஒரு மிஸ்டு கால்கூடக் கொடுக்க முடியாது, சிகிச்சை எங்கே கொடுப்பது?

அப்புறம் அந்தப் பழைய சப்பைக்கட்டு, 'குவாண்டம் யாருக்கும் புரியலைன்னு விஞ்ஞானிகளே சொல்றாங்க'. புரியாதது அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம் என்பது. கணக்கில் தகராறே கிடையாது. எலக்ட்ரானின் காந்தத் திறனில் கணக்கும் சோதனையும் பத்து இலக்கங்களுக்கு மேல் ஒத்துப்போகின்றன. புரியவில்லை என்ற ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எதையும் நம்பலாம் என்று சொல்வது பித்தலாட்டம்.

சித்தப்பா கருவூலத்தில் முப்பது வருஷம் கணக்கு பார்த்தவர். கால் கட்டோடு படுத்திருந்தவரிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, நான்கு பதிலுக்கும் +1, −1 போட்டு மொத்தம் 16 வரி, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள் என்றேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

"பதினாறும் பார்த்துட்டேன். ரெண்டுக்கு மேல போகலைடா. அவங்களுக்கு எப்படி 2.42 வந்துச்சு?"

"அதுக்குத்தான் சித்தப்பா அறுபது வருஷமா மண்டையை உடைச்சுக்கறாங்க."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்த டாலரு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

மாத்திரையை முழுசாகப் போட ஆரம்பித்துவிட்டார். டாலரை இன்னும் கழற்றவில்லை, ஆறாயிரம் குடுத்திருக்கேன்ல என்கிறார்.

2008 பதிவை நான் அழிக்கவில்லை. தலைப்பிலிருந்து கடைசி வரி வரை கோடு போட்டு அடித்து, மேலே இந்தப் பதிவுக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன். அதற்கு இணைப்பு கொடுத்திருந்த நண்பர்கள் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம், அந்த 16 வரியையும் எழுதிக்கொண்டு.